அலமந்து மரமேறி

தொல்காப்பியத்தில் அரிய சொற்களுக்குப் பொருள் சொல்லும் உரியியலில் ஓரடி நூற்பா ஒன்று: "அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி." அவ்வளவுதான். எது சுழலும், எங்கே சுழலும், காற்றா, தண்ணீரா, தலையா, நெஞ்சா என்று ஒரு வார்த்தை கிடையாது. சுழற்சி என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறார். இன்றைக்கு ஓர் அகராதிக்காரரிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் முதல் எண் போட்டுச் 'சுற்றுதல்' என்றும், இரண்டாவது எண் போட்டு 'மனம் கலங்குதல்' என்றும் எழுதுவார். தொல்காப்பியர் எண் போடவில்லை. போடாதது சிக்கனத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. அவர் காதுக்கு அவை ஒரே பொருளாகத்தான் கேட்டிருக்கும். உரைகாரர்கள் 'அலமரல் ஆயம்' என்று ஆடித் திரியும் பெண்கள் கூட்டத்தையும், 'தெருமரல் உள்ளம்' என்று தவிக்கும் மனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்கள். அவர்களும் இதற்காக விளக்கம் எதுவும் சொல்லி மெனக்கெடவில்லை.

அலமரு என்பது வினை. வருவான், வந்தான் என்பதுபோல அலமருவான், அலமந்தான். தேவாரம் ஓதுகிறவர்களைத் தவிர இதை யாரும் இப்போது வாயால் சொல்வதில்லை. ஆனால் இதன் பங்காளி ஒன்று எங்கள் பக்கத்து வீடுகளில் நன்றாகவே புழங்குகிறது. பகல் தூக்கத்தில் இருப்பவனைத் தட்டி எழுப்பினால் அவன் 'அலங்க மலங்க' விழிக்கிறான். அந்த அலங்கு பழைய சொல். அசைவது, ஆடுவது என்று பொருள். புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் 'அலங்குளைப் புரவி' என்று வருவது ஆடும் பிடரிமயிர் உள்ள குதிரை. குதிரையின் பிடரியில் ஆடிய சொல்தான் இப்போது தூக்கம் கலைந்தவனின் கண்ணில் ஆடுகிறது. மலங்கு என்பது கலங்கு. ஆக அலங்க மலங்க என்பதில் பாதி அசைவு, பாதி மனம். இரண்டையும் எதுகை போட்டுக் கட்டியது எந்தப் புலவரும் அல்ல, நம் அப்பாயிகள்தான்.

வடமொழியிலிருந்து வந்து குடியேறியவையும் இதே வழக்கத்துக்குப் பழகிக்கொண்டன. கல்லோலம் என்றால் பேரலை. ஊரே அல்லோலகல்லோலப்பட்டது என்கிறோம், அலையைப் பற்றிய நினைப்பே இல்லாமல். சலனம் ஒரு காலத்தில் திரைப்படத்துக்கே பெயராக இருந்தது, சலனப்படம் என்று. இப்போது அது முக்கால்வாசி மனத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இவற்றை இத்துடன் விட்டுவிடுகிறேன். என் கவலை அலமரலைப் பற்றியது. அதற்குத் திருவையாறு போகவேண்டும்.

காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று ஐந்து ஆறுகளின் பேரால் அந்த ஊருக்குப் பெயர் என்பார்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் அங்கே பாடிய பதிகத்தின் முதல் பாட்டு பலருக்குத் தெரிந்ததுதான்:

"புலனைந்தும் பொறிகலங்கி நெறிமயங்கி அறிவழிந்திட் டைம்மேலுந்தி
அலமந்த போதாக அஞ்சேலென் றருள்செய்வான் அமருங்கோயில்
வலம்வந்த மடவார்கள் நடமாட முழவதிர மழையென்றஞ்சிச்
சிலமந்தி யலமந்து மரமேறி முகில்பார்க்குந் திருவையாறே."

முதல் அடியில் ஒருவர் சாகக் கிடக்கிறார். 'ஐ' என்றால் கோழை. அது நெஞ்சுக்கூட்டிலிருந்து மேலே உந்திவருகிறது. கடைசி நாட்களில் இருப்பவர் அருகில் இரவில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். தொண்டைக்குள் எதையோ கரைப்பதுபோல ஒரு களகளப்பு. வீட்டில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டார்கள். அந்த நேரத்துக்குச் சம்பந்தர் தேர்ந்தெடுத்த சொல் 'அலமந்த போது'. நான்காம் அடிக்கு வந்தால் அதே சொல் குரங்குகளுக்கு. கோயிலில் முழவு அதிர்கிறது. மந்திகள் இடி என்று எண்ணி, மழை வரப்போகிறது என்று பயந்து, அலமந்து, மரத்தில் ஏறி மேகத்தைத் தேடுகின்றன.

சாவுக்கும் குரங்குக்கும் ஒரே சொல்லா என்று கேட்கலாம். நான் நெடுநாள் இதைச் சம்பந்தரின் விளையாட்டு என்றுதான் படித்துக்கொண்டிருந்தேன். மந்திகள் செய்வதைக் கொஞ்சம் கவனித்தால் விளையாட்டு மட்டும் இல்லை என்று படுகிறது. மழைக்குப் பயந்த பிராணி என்ன செய்யவேண்டும்? மண்டபத்துக்குள் நுழையவேண்டும், கூரைக்கு அடியில் ஒண்டவேண்டும். இவை மேலே ஏறுகின்றன. எதற்குப் பயமோ அதற்கு இன்னும் கிட்டே போய், அது வருகிறதா என்று பார்க்கின்றன. கைகால் எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் செய்கிற வேலையால் ஒரு பயனும் இல்லை. (மந்தி என்றால் பெண் குரங்கு. குட்டியும் வயிற்றைக் கவ்விக்கொண்டு கூடவே ஏறியிருக்கும் என்பது என் சேர்க்கை, சம்பந்தர் சொல்லவில்லை.)

இன்னொன்று எதுகையில் ஒளிந்திருக்கிறது. புலன், அலமந்த, வலம்வந்த, சிலமந்தி. இரண்டாம் அடியின் 'அலமந்த' என்பதற்கு நேர்கீழே 'வலம்வந்த' நிற்கிறது. ஒரே ஓசை, ஏறக்குறைய ஒரே செயல். இரண்டுமே சுற்றுவதுதான். பெண்கள் வலம்வருகிறார்கள், அவர்களுக்கு நடுவில் சாமி இருக்கிறது, ஆகவே அது ஆட்டமாகவும் வழிபாடாகவும் இருக்கிறது. சாகிறவரின் அறிவும் சுற்றுகிறது, நடுவில் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. வலம்வருதலுக்கும் அலமருதலுக்கும் உள்ள தூரம் ஓர் எழுத்து அகலம்தான் என்று காதுக்குக் காட்டிவிட்டு அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறார்.

காவிரியைப் பற்றிய ஊர்ப்பெயர்களிலும் இது உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவலஞ்சுழி. ஆறு வலமாகச் சுழித்த இடம். காவிரி ஒரு பிலத்துக்குள், அதாவது பாதாளக் குழிக்குள், இறங்கி மறைந்துபோனதாகவும், ஏரண்ட முனிவர் தம்மையே அதற்குள் இட்டு ஆற்றை வெளியே கொண்டுவந்ததாகவும் தலபுராணம் சொல்லும். அது எப்படி இருந்தாலும், ஆற்றின் சுழலுக்குக்கூட இடம், வலம் பார்த்து, வலமாக இருந்தால் 'திரு' சேர்த்த ஊர்க்காரர்கள் நாங்கள்.

புராணத்தை விடுங்கள், சுழலைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் தண்ணீர் திறந்த பிறகு எங்கள் ஊர்ப்பக்கம் வெட்டாற்றில் இருக்கும் ஷட்டருக்கு வாருங்கள். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு கீழ்ப்புறம் பார்க்கவேண்டும். பலகைக்கு அடியில் கையகல இடைவெளியில் தண்ணீர் தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு வரும். கொஞ்ச தூரத்தில் அங்கே ஏற்கெனவே நிற்கும் ஆழத் தண்ணீரில் முட்டி மேலே கிளம்பும். கிளம்பியது எல்லாம் முன்னே போகாது. மேல்மட்டத்துத் தண்ணீர் திரும்பி, ஷட்டரைப் பார்த்தே வரும். அதில் ஒரு தேங்காய் மட்டை மாட்டிக்கொள்ளும். நுரையோடு ஷட்டர் வரை போகும், பலகையிலிருந்து கொட்டும் ஒழுக்கில் அடிபட்டு உள்ளே முங்கும், நாலடி தள்ளித் தலைகாட்டும், மறுபடி ஷட்டரைப் பார்த்துப் போகும். நல்ல வெள்ளத்தின் நடுவில் இருக்கிறது, ஒரு நிமிடம் ஓய்வில்லை, ஆனால் இருந்த இடத்தை விட்டு ஒரு முழம் நகரவில்லை. காலையில் பார்த்த மட்டையைச் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும்போதும் அங்கேயே பார்க்கலாம். அதை விடுவிக்க வேண்டுமானால் ஷட்டரை ஏற்றவேண்டும் அல்லது இறக்கவேண்டும். அது ஷட்டரை இயக்கும் லஸ்கர் கையில் இருக்கிறது, மட்டையின் கையில் இல்லை. தொல்காப்பியர் சொன்ன சுழற்சிக்கு இதைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

கலக்கத்தையும் அலமரலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்பது என் புகார். கலக்கம் என்பது அடியில் கிடந்த மண் மேலே வருவது. ஆடியில் வரும் புதுத்தண்ணீர் செம்மண் கரைசலாக வரும். அந்தக் காலத்தில் அதைக் குடத்தில் மொண்டு வந்து தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் நாலு இழைப்பு இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். கொட்டையின் சாரம் மிதக்கும் மண் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கனமாக்கிக் கீழே இறக்கிவிடும். கலித்தொகைக்கே இது தெரியும். தேற்றாமரத்துக்கு 'இல்லம்' என்று பெயர் சொல்லி, அதன் விதையால் தேற்றக் கலங்கிய நீர் தெளிந்ததுபோல ஒருத்தி தெளிந்தாள் என்று 142-ஆம் பாட்டு முடிகிறது. தண்ணீருக்கும் தேற்று, துக்க வீட்டில் அழுகிறவர்களுக்கும் தேற்று. கலக்கத்துக்கு மருந்து அசையாமல் வைப்பது. கூட இருந்து கொஞ்சம் இழைத்துக் கொடுத்தால் தானே அடங்கும்.

அலமரலை அப்படி அசையாமல் வைக்கமுடியாது. அது அடியிலிருந்து எழுந்த மண் இல்லை. தண்ணீரே திரும்புகிறது. 'மனத்தைத் தேற்றிக்கொள்' என்று அலமருகிறவனிடம் சொல்வது ஷட்டருக்குக் கீழே தேற்றாங்கொட்டையைப் போடுவதற்குச் சமம். வள்ளுவர் வினைத்திட்பத்தில் 'கலங்காது', 'துளங்காது' (அசையாது) என்று இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்கிறார். ஒன்றைச் சொன்னால் மற்றதும் அடங்கிவிடும் என்று அவரும் நம்பவில்லை.

சம்பந்தரின் மந்திகள் இன்றும் எங்கள் ஊரில் உண்டு. அதில் ஒருவர் என் சித்தப்பா.

ஐப்பசி மாதம் டெல்டாவில் ஒரு விசித்திரமான மாதம். குறுவை அறுத்து நெல் கொள்முதல் நிலையத்து வாசலில், இடம் போதாமல் ரோட்டோரத்தில், குவியல் குவியலாகக் கிடக்கும். அங்கே ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். மழை அதிகமான ஆண்டுகளில் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கேட்டு, மத்தியக் குழு வந்து, கையில் நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டுப் போவது பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிற படம். அதே மாதம், அதே ஆளுக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சம்பா நட்டிருக்கும் அல்லது நேரடி விதைப்பு முளைத்து நிற்கும். அதற்கு மழை வேண்டும். குவியலுக்கு மழை ஆகாது. ஒரே வானத்தைப் பார்த்து ஒரே மனிதர் பெய்யேன் என்றும் பெய்யாதே என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிறார்.

எந்த ஆண்டும் நிம்மதி கிடையாது. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கவேண்டும் என்பது வழக்கம். 2023-இல் அந்தத் தேதிக்கே திறந்தார்கள், பிறகு மேலிருந்து வரத்து இல்லாமல் கடைமடையில் குறுவை கருகியது. 2024-இல் ஜூலை 28 வரை திறக்கவே இல்லை. அதற்கு முன்பாக 2018-இல் தண்ணீர் வெள்ளமாக வந்து முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகளை அடித்துக்கொண்டு போனது, நவம்பரில் கஜா புயல் மீதி தென்னையைச் சாய்த்தது. அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் காலையில் செய்தித்தாளில் பார்த்தவர்கள் இப்போது கைப்பேசியில் மணிக்கு ஒரு தரம் பார்க்கிறார்கள். முகில் பார்ப்பதற்கு மரம் ஏறவேண்டியதில்லை என்ற வசதி மட்டும் வந்திருக்கிறது.

ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். தீபாவளியும் ஐப்பசியில்தான் வரும். நெல் வாசலில் கிடக்க, ஊர்ப் பையன்கள் நடுராத்திரியில் அணுகுண்டு வெடித்தார்கள். சித்தப்பா பாயிலிருந்து துள்ளி எழுந்தார். "இடியா, வெடியா?" என்றார். வெடிதான் என்று சித்தி சொன்னதை அவர் நம்பவில்லை. மொட்டை மாடிக்கு ஏறி வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தது. இறங்கி வந்து படுத்தார். அடுத்த வெடிக்கு மறுபடி ஏறினார். நெல் நனையாமல் படுதா மூடித்தான் இருந்தது. அதைப் போய் இழுத்துவிட்டு வந்தால்கூட ஒரு காரியம் ஆகும். அதற்குப் போகவில்லை, மாடிக்குத்தான் போனார். காலையில் சித்தி என்னிடம், "உங்கள் சித்தப்பாவுக்கு இந்த வருஷம் தீபாவளி முழுக்க மாடிப்படியில்தான்" என்றார். நான் சிரித்தேன். பிறகு அந்தப் பாட்டைச் சொல்லிப் பொருளும் சொன்னேன். சித்தப்பா குரங்கு என்றதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே இங்கே கொள்முதல் நிலையம் இருந்திருக்கிறது" என்றார்.

இந்தச் சொல்லுக்குச் சந்தோஷமும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம். உரைகாரர்கள் காட்டும் அந்த 'அலமரல் ஆயம்' ஐங்குறுநூற்றின் 64-ஆம் பாட்டில் வருகிறது. புதுப்புனலில் பெண்கள் கூட்டமாகச் சுற்றிச் சுழன்று ஆடுகிறார்கள். அங்கே ஒருவன் தன் விருப்பமானவளைத் தழுவிக்கொண்டு ஆடியிருக்கிறான். மனைவியின் பக்கத்திலிருந்து கேள்வி வருகிறது: பார்த்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர், பலர். எங்களிடம் மறைக்காதே. ஆற்றில் ஆடியவர்களுக்கு 'அலமரல்' என்று பேர் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் உட்கார்ந்து அதைக் கேள்விப்பட்டவளுக்குப் பாட்டு எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை, அவளுடைய குரல் மட்டும் நிதானமாக வருகிறது. சுழல்வது யார் என்று படிப்பவருக்குத் தெரியும்.

ஆடிப்பெருக்கு அன்றைக்குப் படித்துறைகளில் அந்த ஆயத்தை இன்றும் பார்க்கலாம். பெரியவர்கள் காதோலை கருகமணி வைத்து, மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டிருக்கும்போது, சின்னப் பெண்கள் படிக்கு மேலே மணலில் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவார்கள். சுற்றி முடித்துக் கையை விட்டதும் தொப்பென்று உட்கார்ந்துகொண்டு கோபுரமே சுற்றுகிறது என்று கத்துவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் நீர் இருக்கிறது. உடம்பு சுற்றும்போது அந்த நீரும் மெல்லச் சுற்றப் பழகிக்கொள்ளும். உடம்பு நின்ற பிறகும் அது சற்று நேரம் ஓடும். அதனால்தான் நின்ற பிறகு கிறுகிறுக்கிறது. தலைச்சுற்றலில் உண்மையாகவே தண்ணீர்தான் சுற்றுகிறது. தொல்காப்பியர் இரண்டு எண் போடாமல் விட்டது எவ்வளவு சரி என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இந்தச் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு இப்போது எல்லாவற்றுக்கும் 'மன அழுத்தம்' என்று ஒரே மூடி போட்டாகிவிட்டது. படிக்கிற பிள்ளைக்கும் அதுதான், பயிர் போனவருக்கும் அதுதான், பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் அதுதான். அழுத்தம் என்றால் மேலே ஒரு பாரம், கீழே ஒரு மனிதர், நடுவில் அசைவே இல்லை. அப்படியும் ஒரு துன்பம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குறுந்தொகையின் 28-ஆம் பாட்டில் ஔவையார் காட்டும் பெண்ணைப் பாருங்கள். முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு ஆ, ஒல் என்று கூவுவேனா என்கிறாள். "அலமரல் அசைவளி அலைப்ப" என்று காற்றுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கிறாள். ஊரோ தூங்குகிறது. அவளை யாரும் அழுத்தவில்லை. எந்தப் பக்கம் திரும்பிக் கையை ஓங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு மருத்துவர் அவளுடைய பாரத்தை இறக்க வந்தால், இறக்குவதற்கு அங்கே எதுவும் இருக்காது.

போன ஆண்டு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோனதால் நான் படித்துக் காட்ட, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மன அழுத்தம் உண்டா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டிருந்தது. "எனக்கு என்ன அழுத்தம் தம்பி? இல்லை என்று போடு" என்றார். போட்டேன். அடுத்த கேள்வி, இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறதா. அதற்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்தான். அவர் கொஞ்சம் யோசித்தார். "எந்த மாதத்தைக் கேட்கிறார்கள்?" என்றார்.